பொறுமை யார்மீது கடன்?



காலில் கட்டுப் போட்ட ஒருவர் நமது கடை வாசலுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள் பாய், வேண்டிய சாமானைச் சொல்லுங்கள், கட்டித் தருகிறோம்" என்கிறோம். அதே வாசலில் கையைச் சொறிந்தபடி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்கிறோம்? அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் தொட்ட தக்காளியைப் பார்க்கிறோம். கொஞ்சம் பழகியவராக இருந்தால், "சொறியாதீர்கள், சொறிந்தால் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் உபதேசமும் செய்து அனுப்புகிறோம்.

முதலாமவருக்கு முக்காலி, இரண்டாமவருக்கு உபதேசம். இந்த வேற்றுமை எதனால் வந்தது? இருவரும் சரீரத்தால் துன்பப்படுகிறவர்கள்தாம். ஒருவரின் கட்டு கண்ணுக்குத் தெரிகிறது; மற்றவரின் அரிப்பு தெரிவதில்லை. அவ்வளவே. அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத துன்பத்தை நம்புவது நம்மீது கடமையா? அத்துன்பத்தில் இருப்பவரிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை உண்டு?

இதைப்பற்றி எழுத நாம் ஆலிமும் அல்லோம், வைத்தியரும் அல்லோம். மதரஸாவில் ஓதினோம், தொடக்கப்பள்ளியை முடித்தோம், அதன்பின் இத்தனை வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையின் தராசுக்கு முன்னால் நிற்கிறோம். ஆயினும் இவ்விஷயத்தில் நாம் ஒரு பெரிய பிழை செய்தோம். பிழை செய்தவன் அதை எடுத்துச் சொல்வதிலும் ஒரு பயன் இருக்கக்கூடும் என்று எண்ணி எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ராத்தாவின் மகன் நம் கடைக்கு வேலைக்கு வந்தான். அப்போது அவனுக்கு வயது 23. கணக்கில் கெட்டிக்காரன், கை சுத்தமானவன், பெரியவர்களிடம் அதிர்ந்து பேசாதவன். ஆனால் முதல் மாதத்திலேயே அவனிடம் மூன்று குறைகளைக் கண்டோம். குறை என்றுதான் அன்று அவற்றுக்குப் பெயர் வைத்தோம்.

முதலாவது, தோல். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் விரலிடுக்கிலும் சிவந்து, தடித்து, சில நாள் வெடித்தும் இருக்கும். ஊரில் கரப்பான் என்பார்கள். இங்கே எக்சிமா என்கிறோம். ஒரு பெண்மணி மீதிச் சில்லறையை அவன் கையிலிருந்து வாங்காமல், "மேசைமேல் வைங்க தம்பி" என்று சொன்னதை நாமே பார்த்தோம். அது தொட்டால் ஒட்டுகிற நோயல்ல என்று அன்று நமக்கும் தெரியாது. ஆகவே அவனைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கிட்டங்கிக்கு அனுப்பினோம். வியாபாரத்துக்கு நல்லது என்று எண்ணினோம்.

இரண்டாவது, ஒவ்வாமை. கிட்டங்கியில் ஒரு சாக்கை உதறினால் விடாமல் தும்முவான். அத்தர் பூசிய அன்பர் ஒருவர் ஆலிங்கனம் செய்ய வந்தால் ஓரடி பின்வாங்குவான். இறால், நண்டு எதையும் வாயில் வைக்கமாட்டான்.

மூன்றாவது, ஓசை. காலையில் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போது எழுகிற கிறீச்சொலிக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஐந்தடியின் மறுகோடிக்குப் போய்விடுவான். எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் அவன் முகம் வெளிறும். இவற்றையெல்லாம்விட நம்மை உறுத்தியது வேறொன்று. மத்தியானம் கடையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். மற்றவர் மெல்லுகிற சத்தம் அவனுக்கு ஆகாது என்று சொன்னான்.

கூடி உண்பது நம்மவர்களுக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சஹனில் நாலு பேர் கையிட்டு உண்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் உட்கார மறுப்பவனைப் பெருமை பிடித்தவன் என்றே நம் வழக்கம் எண்ணும். நாமும் அவ்வாறே எண்ணினோம். வாய்விட்டும் சொன்னோம்.

பிறகு ஒரு நாள் உறவினர் வீட்டு வலீமா விருந்து. நாமும் ஒரு ஹாஜியாரும் மற்றொருவரும் சஹனுக்கு முன் உட்கார்ந்திருந்தோம். நாலாவது ஆளுக்கு இடம் இருந்தது. மருமகனைக் கூப்பிட்டோம்.

"நான் அப்புறமா சாப்பிடுறேன் மாமா" என்றான்.

"பெரியவங்க கூப்பிடும்போது அப்புறம் என்ன? உட்காரு."

உட்கார்ந்தான். பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த சம்பலை நாம் அவன் பக்கம் சோற்றில் எடுத்து வைத்தபோது, "மாமா, இதுல இறால் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டான். "மிளகாய்ச் சம்பலில் ஏது இறால்? மளிகைக்காரனுக்குத் தெரியாதா?" என்றோம். ஹாஜியார் சிரித்தார். அவன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மூன்று கவளம் உண்டான்.

சகோதரர்களே, அந்தச் சம்பலில் பெலாச்சான் இருந்தது. பெலாச்சான் என்பது பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துச் செய்வது. அதைக் கட்டி கட்டியாக நமது கடையில் நாமே விற்கிறோம்.

சிறிது நேரத்தில் அவன் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழுந்தது. குரல் மாறியது, மூச்சு இழுத்தது. யாரோ 995-க்கு அழைத்தார்கள். வந்தவர்கள் தொடையில் ஊசி போட்டு அழைத்துச் சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். அன்றிரவு ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் நம்மிடம், "இறால் ஆகாது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார். சொன்னான். கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொன்னான். நாம் கேட்டோம், ஆனால் நம்பவில்லை. கேட்பதற்கும் நம்புவதற்கும் இடையில் எத்தனை தூரம் உண்டு என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவனை உட்காரவைத்து முறையாகக் கேட்டோம். மருத்துவர்கள் சொன்னதையும், அவன் வாசித்துக் காட்டியதையும் நமக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அரிப்பு. 1660-ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய வைத்தியர் அரிப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். சொறியவேண்டும் என்ற விருப்பத்தை எழுப்புகிற இன்னாத உணர்ச்சியே அரிப்பு என்பது அதன் கருத்து. இன்றும் மருத்துவர்கள் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். சொறிய விரும்புவது அரிப்புக்குப் பின்னால் வருகிற கெட்ட பழக்கமன்று. அரிப்பு என்பதே அந்த விருப்பந்தான். ஆகவே "அரித்தாலும் சொறிய நினைக்காதே" என்பது, "தாகம் எடுத்தாலும் தண்ணீரை நினைக்காதே" என்பதை ஒக்கும். சொறிந்தால் தோல் மேலும் புண்பட்டு அரிப்பு கூடுகிறது என்பதும் உண்மையே. இதை நம்மைவிட அவன் நன்றாக அறிவான். அறிந்தும் அடக்க முடியாமல் இரவில் தூக்கத்திலேயே கை போய்விடுகிறது. காலையில் தலையணை உறையில் இரத்தக் கறையைப் பார்க்கிறவனுக்கு நம் உபதேசம் எந்தப் புதிய செய்தியைத் தந்துவிடும்?

அரிப்பை ஒரு சிறிய வலி என்றே உலகம் வெகுகாலம் எண்ணியது. 2007-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் முதுகுத் தண்டில் அரிப்பு உணர்ச்சிக்கு வேண்டிய ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது இல்லாத எலிகள் வலியை வழக்கம்போல் உணர்ந்தன. சொறிவது மட்டும் குறைந்தது. வலிக்கு ஒரு வழியும் அரிப்புக்கு வேறொரு வழியும் உடம்பிலேயே உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

அடுத்தது தோல். நமது தோல் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லோடு சாந்தும் சரியாக இருந்தால்தான் உள்ளேயுள்ள ஈரம் வெளியே போகாது. வெளியேயுள்ள தூசி உள்ளே வராது. ஃபிலாக்ரின் என்ற புரதம் இச்சுவரை உறுதியாக வைக்க உதவுகிறது. அதை உண்டாக்கும் மரபணுவில் பிழையோடு பிறப்பவர்களுக்கு எக்சிமா வருவது அதிகம் என்பதை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவினர் காட்டினார்கள். எல்லோருக்கும் காரணம் இது ஒன்றே அன்று. ஆயினும், குளிக்காததால் வந்தது, சுத்தமில்லாததால் வந்தது என்று நாம் மனத்துக்குள் எழுதிவைத்த கணக்கு முழுவதும் தவறு. உண்மையில் சுடுநீரும் கடுஞ்சோப்பும் இத்தகைய தோலை இன்னும் கெடுக்கும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் உலருமுன் களிம்பு பூசவேண்டும் என்பதே மருத்துவர் சொல்வது.

சுவரில் விரிசல் இருந்தால் உள்ளே நுழைவது எது? படுக்கையிலும் சாக்கிலும் வாழும் தூசி உண்ணி என்ற சிற்றுயிர் அவற்றில் ஒன்று. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இதுவே முக்கிய காரணம் என்று 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறிந்தார்கள். நமது தீவின் ஈரக்காற்று அதற்கு மிகவும் உகந்தது. இன்னொரு விந்தையும் கேளுங்கள். டிரோபோமயோசின் என்ற புரதம் இறாலிலும் நண்டிலும் தூசி உண்ணியிலும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கிறது. ஒன்றைப் பகையாகக் கொண்ட உடம்பு மற்றொன்றையும் பகைக்கக்கூடும். நமது கிட்டங்கித் தூசியும் விருந்துச் சம்பலும் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு உறவினர்களாக இருந்திருக்கின்றன! கல்லாவிலிருந்து அவனை எங்கே அனுப்பினோம் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஓசை. எல்லா ஓசையும் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுத் துன்புறுத்துவது ஒரு வகை. மெல்லுதல், உறிஞ்சுதல், பேனாவைத் தட்டுதல் போன்ற குறிப்பிட்ட சில ஓசைகள் கேட்டவுடன் நெஞ்சு படபடத்துச் சினம் பொங்குவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதற்கு மிசோஃபோனியா என்று 2001-இல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற கணவனும் மனைவியுமான ஆராய்ச்சியாளர்கள் பெயரிட்டார்கள். 2017-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் இத்தகையவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, அந்த ஓசைகள் கேட்கும் சமயத்தில் மூளையின் ஒரு பகுதி மற்றவர்களுக்கு இல்லாத அளவு கிளர்ந்தெழுவதைக் கண்டார்கள்.

இவற்றைக் கேட்டபின் நாம் மருமகனிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "அப்படியானால் நாம் சாப்பிடும்போது எங்கள்மேல் உனக்குக் கோபம் வருகிறதா?"

அவன் சற்று நேரம் தலை குனிந்திருந்தான். பிறகு சொன்னான்: "உங்கமேல கோபம் இல்ல மாமா. சத்தத்தின்மேலதான். ஆனா அந்த நேரத்துல ரெண்டும் ஒண்ணாத் தெரியும். பெரியவங்கள முறைச்சுப் பார்த்துடுவேனோன்னு பயந்துதான் எழுந்து போயிடுறேன்."

சகோதரர்களே, நாம் பெருமை என்று எழுதிவைத்தது மரியாதையாக இருந்தது. நம்மை அவமதிக்கக் கூடாது என்பதற்காகவே அவன் நம் பக்கத்திலிருந்து எழுந்து போயிருக்கிறான்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தெரியாத துன்பத்தை ஏன் நம்பவேண்டும்? "சான்று காட்டட்டும், நம்புகிறோம்" என்று சொல்வது நியாயம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் மேலே எழுதிய ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள். அலர்ஜி என்ற சொல்லையே வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே 1906-இல்தான் உண்டாக்கினார். ஒவ்வாமைக்குக் காரணமாய் இரத்தத்தில் இருக்கும் ஐஜிஈ என்ற பொருளை ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இருவரும் அமெரிக்காவில் கண்டறிந்தது 1966-இல். ஓசைத் துன்பத்துக்குப் பெயர் வந்தது 2001-இல். அப்படியானால் 1906-க்கு முன் தும்மியவர்களெல்லாம் பாசாங்கு செய்தார்களா? 2001-க்கு முன் காதைப் பொத்தியவர்களெல்லாம் திமிர் பிடித்தவர்களா? துன்பம் முதலில் வருகிறது. சான்று ஒரு நூற்றாண்டு கழித்து மெல்ல நடந்து வருகிறது. சான்றுக்காகக் காத்திருந்தவர்கள் அதுவரை எத்தனை பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று அழைத்திருப்பார்கள்!

இத்தனைக்கும் சான்றில்லாமல் நம்புவது நமக்குப் புதிதன்று. வியாபாரிகளுக்கு 555 நோட்டுப் புத்தகம் தெரியாமலிருக்காது. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறிய புத்தகத்தில் எத்தனை பேருடைய கடனை எழுதிவைத்துச் சரக்குக் கொடுத்திருக்கிறோம்! "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற ஒரு வார்த்தைதான் ஈடு. அரிசிக்கும் பருப்புக்கும் ஒருவருடைய வார்த்தையை நம்பிய நாம், "வலிக்கிறது", "அரிக்கிறது", "அந்தச் சத்தம் தாங்கவில்லை" என்ற வார்த்தைக்கு மட்டும் ஈடு கேட்பது என்ன நியாயம்?

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்லலாம். நோயென்று சொல்லி வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கடன் வாங்கித் தராமல் போனவர்களும் நம் புத்தகத்தில் இருக்கிறார்கள். அதற்காகக் கடன் கொடுப்பதை அடியோடு நிறுத்தியிருந்தால் கடை என்றைக்கோ மூடியிருக்கும். நாணயமானவர்களும் பட்டினி கிடந்திருப்பார்கள். ஏமாற்றியவனை நம்பினால் நமக்குச் சிறிது நஷ்டம். உண்மை சொன்னவனை நம்பாவிட்டால் என்ன நேரும் என்பதை வலீமா விருந்தில் பார்த்தோம். இரண்டு தட்டையும் தராசில் வைத்து யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பொறுமை உயர்ந்த குணமல்லவா, நோயாளியிடம் அதைச் சொல்வது எப்படித் தவறாகும் என்று கேட்கலாம். பொறுமை உயர்ந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் பொறுமை வேறு, வாய்மூடி இருப்பது வேறு. பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டும் நபி ஐயூப் (அலை) அவர்கள் தமது துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். முறையிட்ட பின்னும் பொறுமையாளர் என்றே போற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலும் உபதேசமன்று. குளிப்பதற்கும் குடிப்பதற்கும் குளிர்ந்த நீர்.

அரிப்புக்கென்றே ஒரு செய்தியும் நம்மிடம் உண்டு. ஆண்கள் பட்டு அணிவது விலக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவோம். எனினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இரு தோழர்களுக்கும் அரிப்பு இருந்த காரணத்தால் பட்டுச் சட்டை அணிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள் என்பது ஹதீஸ்களில் உள்ளது. இதை மதரஸாவில் சட்டமாகத்தான் ஓதினோம். அதிலுள்ள இரக்கம் நம் கண்ணில் படவில்லை. அவ்விருவரும் சாமானியர்களா? போர்க்களம் கண்ட வீரர்கள். "இத்தனை காயம் தாங்கிய உமக்கு அரிப்புத் தாங்காதா?" என்ற கேள்வி அங்கே எழவில்லை. பட்டு நோயைத் தீர்க்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 300 குழந்தைகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, பட்டாடையால் பெரிய பலன் காணவில்லை. நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது துணியை அன்று, மனப்பான்மையை. தண்ணீர் பட்டால் தீங்கு நேரும் நோயாளிக்குத் தயம்மும் இருப்பதும் அதே மனப்பான்மைதான்.

பழைய ஹக்கீம்களிடமும் இதைக் காணலாம். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ வசந்த காலத்தில் ரோஜாவின் மணம் பட்டால் மூக்கு ஒழுகித் துன்பப்படுவாராம். ரோஜாவால் யாருக்காவது நோய் வருமா என்று மாபெரும் மருத்துவரான அர்-ராஸீ சிரிக்கவில்லை. அது ஏன் வருகிறது என்று ஆராய்ந்து தனியாக ஒரு நூலே எழுதினார். காரணத்தை அவர் சரியாகக் கண்டாரா என்பதைவிட, முதலில் நம்பினார் என்பதே நமக்குப் பாடம்.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. ஒருவருக்காக உலகம் எவ்வளவுதான் மாறமுடியும்? பசார் முழுவதும் வாய்மூட முடியுமா? கல்யாண வீட்டில் சமையலை நிறுத்த முடியுமா? முடியாது, கேட்பதும் சரியன்று. இதற்கு நாம் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: நமக்குக் கொஞ்சமாகவும் அவருக்கு அதிகமாகவும் உள்ளதைச் செய்துவிடவேண்டும். சிங்கப்பூரில் 1970-களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உட்புறமாகத் திருப்பினார்கள். பாங்கு வானொலியில் ஒலிக்கலாயிற்று. அன்று சிலருக்கு வருத்தம் இருந்தது உண்மையே. ஆயினும் தொழுகை குறையவில்லை. பல இனத்தவர் நெருங்கி வாழும் இடத்தில் அண்டை வீட்டாரின் உறக்கமும் காக்கப்பட்டது.

துன்பப்படுகிறவர்மீதும் கடமை உண்டு. இதை மருமகனிடமே சொன்னோம், அவனும் ஒப்புக்கொண்டான். தமக்கு ஆகாததை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவேண்டும். பெரியவர் சிரிப்பாரே என்று மூன்று கவளம் விழுங்கிவிடக் கூடாது. மருத்துவர் கொடுத்த களிம்பைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அவசரத்துக்குரிய ஊசியை எப்போதும் கையோடு வைத்திருக்கவேண்டும். காதை எந்நேரமும் அடைத்தே வைத்திருந்தால் கூச்சம் இன்னும் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "உன் சத்தம் என்னைத் துன்புறுத்துகிறது" என்பதையும், "நீ என்னைத் துன்புறுத்துகிறாய்" என்பதையும் வேறுவேறாக வைத்துக்கொள்ளவேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது குழந்தையின் குற்றமன்று. மற்றவர்கள் நம்பத் தொடங்கிய பிறகு மீதியிருக்கும் துன்பத்துக்குத்தான் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையும் துன்பப்படுகிறவர் தாமாகக் கொடுப்பதே தவிர, நாம் வசூலிப்பதன்று.

ஆகவே பொறுமை யார்மீது கடன் என்று கேட்டால், முதற்கடன் பக்கத்தில் இருப்பவர்மீதே என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். ஒருவன் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருப்பது, சிரிக்காமல் இருப்பது, உபதேசத்தை நாவில் நிறுத்திக்கொள்வது, இவையும் ஸபுர்தான். இவற்றை நாம் செலுத்தாமல் அவனிடம் மட்டும் கேட்பது, நம் கடனை அவன் பேரில் எழுதுவதாகும்.

இப்போது மருமகன் மீண்டும் கல்லாவில் இருக்கிறான். சில்லறையை மேசைமேல் வைக்கச் சொல்கிறவர்களிடம், "இது ஒட்டுகிற நோயில்லை அம்மா" என்று நாமே சொல்கிறோம். பெரும்பாலோர் கையை நீட்டிவிடுகிறார்கள். சாம்பிராணியைக் கடைக்குள் காட்டாமல் வாசலில் காட்டுகிறோம். பெலாச்சானை மூடிய டப்பாவில், தனி அலமாரியில் வைத்திருக்கிறோம். மத்தியானம் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, அதன் இரைச்சலில் எல்லோரும் சாப்பிடுகிறோம். அவன் தன் தட்டோடு அதே அறையில் கொஞ்சம் தள்ளி உட்காருகிறான். சில நாள் முழுவதும் இருப்பான். சில நாள் பாதியில் எழுந்துவிடுவான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இரும்புக் கதவுக்கு எண்ணெய் விட்டோம். இரண்டு மூன்று வெள்ளிதான் செலவு. கால் மணி நேர வேலை. மறுநாள் காலையில் சத்தமில்லாமல் கதவு மேலே போனபோது, பக்கத்துக் கடைச் சீனர் வெளியே வந்து பார்த்து, நல்லது என்பதுபோல் தலையசைத்தார். அவருக்கும் அது இத்தனை வருடமாக இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கிறது. அவர் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் கடையிலும் எண்ணெய் விடாத கதவு ஏதேனும் இருந்தால், இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.

வஸ்ஸலாம்.